பேரூராட்சிக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமா, கசடு கழிவு நிலையம் போதுமா?

ஏரிக்கரைத்தெரு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஏறத்தாழ 14,000 பேர் வாழும் ஒரு பேரூராட்சி. நான்கு பக்கமும் வயல், ஒரு பக்கம் ஏரி. சென்ற மாதம் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் கழிவுநீரைப் பற்றி மட்டும் மூன்று மணி நேரம் பேசினோம். ஒரு சாரார் பாதாளச் சாக்கடை வந்தால்தான் ஊர் உருப்படும் என்கிறார்கள். அலுவலகத் தரப்போ, பக்கத்துப் பேரூராட்சிகள் இரண்டையும் சேர்த்து, செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை ஏரிக்கு மேற்கேயுள்ள புறம்போக்கில் அமைக்கலாம் என்கிறது. அந்தப் புறம்போக்கை ஒட்டி வாழும் எழுபது குடும்பங்கள் இரண்டையும் ஏற்கவில்லை.

என் வீட்டுக்குப் பின்புறம் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஐப்பசி மழையில் அதில் கெண்டை பிடித்திருக்கிறோம். இன்று என் பிள்ளைகளிடம் வரத்துக்கால் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். சாக்கடை எங்கே என்று கேட்டால் அதே இடத்தைக் காட்டுவார்கள். வீடுதோறும் குழாய் இணைப்பு வந்த பிறகு இந்த மாற்றம் விரைவாக நடந்தது என்பதே என் கணிப்பு. முன்பு ஒரு வீட்டில் பத்துக் குடம் தண்ணீர் புழங்கிய இடத்தில் இப்போது மேல்நிலைத் தொட்டி, வாஷிங் மெஷின், இரண்டு குளியலறை என்று ஆகிவிட்டது. உள்ளே வரும் தண்ணீருக்குத் திட்டம் இருந்தது, வெளியேறும் தண்ணீருக்கு இல்லை.

இத்துறையில் வேலை பார்த்தவர்களும் இத்தகைய ஊர்களில் வாழ்பவர்களும் சொல்லுங்கள்: எங்களைப் போன்ற ஊருக்கு எது பொருந்தும்? அடுத்த கூட்டத்தில் எதைக் கேட்டு வாதாட வேண்டும்?

பழைய அளவுகோல்

உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தம்பி, முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கட்சி பிரியலாம்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள அல்லது திட்டமிடப்பட்ட ஊர்களுக்கு 135 லிட்டர் என்பதே மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு வகுத்த குடிநீர் அளவு. இந்த வேறுபாடு வசதிக்காகச் செய்ததன்று. குழாயில் கசடு படியாமல் தானே அடித்துக்கொண்டு போக வேண்டுமானால் நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். எழுபது லிட்டர் புழங்கும் ஊரில் குழாயைப் பதித்தால் நீர் ஊர்ந்துதான் செல்லும்; மணலும் மலமும் அடியில் தங்கும்; இரண்டாம் ஆண்டே ஆள்நுழைவுக் குழிகள் பொங்கத் தொடங்கும். உங்கள் ஊர் ஏரிப் பாசனச் சமவெளி என்பதால் சரிவு கிடைக்காது. சரிவுக்காகக் குழாயை ஆழமாகக் கொண்டுபோனால் நீரேற்று நிலையம் வேண்டும், அதற்கு மின்சாரமும் இரவுக் காவலரும் வேண்டும். நான் பார்த்த ஓர் ஊரில் குழாய் பதித்து முடித்து ஆறு ஆண்டுகள் கடந்த பிறகும் பாதி வீடுகள் இணைப்பு வாங்கவில்லை. இணைப்புக்கான முன்வைப்புத் தொகை ஒரு காரணம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையிலிருந்து முன்தெரு வரை தரையை உடைக்க வேண்டியிருந்தது இன்னொரு காரணம். இணைப்புக் குறைந்தால் நீர் குறையும், நீர் குறைந்தால் குழாய் அடைக்கும்.

இனி உங்கள் ஊரின் அளவு. ஆளுக்கு 70 லிட்டரில் எண்பது விழுக்காடு கழிவாகத் திரும்புகிறது என்று கொண்டால் 56 லிட்டர். 14,000 பேருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7.8 லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி குளியல், துணி, பாத்திரம் கழுவிய நீர். கழிப்பறை நீர் குறைவுதான் என்றாலும் நோய்க்கிருமி அதில்தான் குவிந்திருக்கிறது.

கசடுக்கு வேறு கணக்கு. உங்கள் ஊரில் 3,500 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைச் சுத்தம் செய்தால், ஆண்டுக்கு 300 வேலை நாள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு நான்கு லாரி. லாரிக்கு 4,000 லிட்டர் வீதம் 16,000 லிட்டர். ஏழே முக்கால் லட்சம் லிட்டர் எங்கே, பதினாறாயிரம் லிட்டர் எங்கே! மிகக் கொடிய பகுதியை மிகச் சிறிய அளவில் தனியே பிடித்துவிட முடிகிறது. கசடு கழிவு நிலையத்தை நான் ஆதரிப்பது இதனால்தான்.

அந்தப் பதினாறாயிரம் லிட்டரைச் சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். நீரிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்று காட்டும் அளவே பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. வீட்டுச் சாக்கடை நீரில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். செப்டிக் டேங்க் கசடில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஐயாயிரம் என்று வைத்தாலும், 4,000 லிட்டர் லாரி ஒன்றில் இருப்பது 20 கிலோ. ஒருவர் நாளொன்றுக்கு வெளியேற்றுவது ஏறத்தாழ 45 கிராம் என்பதால், ஒரு லாரியை ஏரியில் திறந்துவிடுவது நானூற்றுக்கும் மேற்பட்டோரின் ஒரு நாள் கழிவை ஒரே இடத்தில் கொட்டுவதற்குச் சமம்.

ஆறாயிரம் லிட்டர்

நான் செப்டிக் டேங்க் லாரி வைத்து ஒன்பது ஆண்டுகளாகத் தொழில் செய்கிறேன். எழுத்தில் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர் ஐயா சொன்ன மூன்று ஆண்டுக் கணக்கு புத்தகத்தில்தான் உண்டு. எங்களைக் கூப்பிடுவது தொட்டி நிரம்பிக் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும் அன்றைக்குத்தான். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு திறக்காத தொட்டிகளே அதிகம். போய்ப் பார்த்தால் மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அதன்மேல் டைல்ஸ் போட்டிருப்பார்கள், துளசி மாடம் கட்டியிருப்பார்கள், ஒரு வீட்டில் மாடிப்படியே ஏறியிருந்தது. திறந்தால் மேலே ஒரு முழத்துக்குக் காய்ந்த ஏடு, நடுவே கறுப்புத் தண்ணீர், அடியில் களிமண் போல இறுகிய கசடு. தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கிக் கலக்கித்தான் எடுக்க வேண்டும். அப்படியும் அடிக்கசடு முழுவதும் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பாதி செப்டிக் டேங்கே அன்று. ஐந்தாறு சிமெண்ட் உறையை இறக்கி, அடியைப் பூசாமல் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் மண்ணுக்குள் போய்விடுவதால் தொட்டி நிரம்புவதே இல்லை என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். அந்தத் தண்ணீர் பதினைந்தடி தள்ளியிருக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போகிறது என்பதை யாரும் எண்ணுவதில்லை.

எங்கே கொட்டுகிறீர்கள் என்று எல்லாரும் எங்களைக் கேட்கிறார்கள். மறைக்க மாட்டேன். முதல் நான்கு ஆண்டுகள் இரவு பத்து மணிக்கு மேல் ஓடையிலும், கேட்ட விவசாயியின் தரிசிலும் கொட்டினேன். என் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். ஒரு நடைக்கு வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்தில் போக வர டீசல் போட்டால் டிரைவருக்கும் உதவியாளுக்கும் கூலி மிஞ்சாது. கசடு லாரிக்கு உரிமம் வேண்டும் என்று 2022-இல் சட்டத் திருத்தம் வந்த பிறகு உரிமம் வாங்கிவிட்டேன், இப்போது நிலையத்துக்குத்தான் போகிறேன், அதற்காக நடைக்கு வாங்கும் பணத்தைக் கூட்டினேன். பாதி வாடிக்கையாளர்கள் உரிமம் இல்லாத வண்டிக்குப் போய்விட்டார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் நிலையம் வருமானால் எங்களைப் போன்றவர்களுக்காக இரண்டைக் கேளுங்கள். பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடக் கூடாது. எங்களுக்கு அழைப்பு வருவதே வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பிய பிறகுதான்.

ஏரிக்கரைத்தெரு

லாரி அண்ணன் மனந்திறந்து எழுதியதற்கு நன்றி. எங்கள் தெருவிலும் இதே நிலைதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஐயாவின் கணக்கில் எனக்கு ஓர் ஐயம். பதினாறாயிரம் லிட்டரை நிலையம் வாங்கிக்கொள்ளும். மீதி ஏழே முக்கால் லட்சம் லிட்டர் என் வீட்டுப் பின்புறத்தில் ஓடிக்கொண்டுதானே இருக்கும்? ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவது லாரி கொட்டுவதால் மட்டுமா, அன்றாடச் சாக்கடையாலும்தானே? நிலையத்தைக் கட்டிவிட்டு, ஊர் சுத்தமாகிவிட்டது என்று பலகை வைத்துவிடுவார்களோ என்பதே என் அச்சம்.

காவிரிக்கரை

அந்த அச்சம் நியாயமானது. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் சுத்தமான நீர் அன்று. அளவாகக் கட்டிய தொட்டியே பி.ஓ.டி.யில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் குறைக்கும். கிருமிகள் ஏறக்குறைய அப்படியே வெளியேறும். அந்த வழிநீர் உறிஞ்சு குழிக்குள் இறங்க வேண்டும் என்பதுதான் விதி. நம் ஊர்களில் அதைத் தெருச் சாக்கடையில் திறந்துவிடுகிறோம்.

நான் முசிறிப் பக்கம். எங்களுக்கு உறிஞ்சு குழியும் உதவாது. காவிரியில் தண்ணீர் வந்தால் சில அடியிலேயே ஊற்று. குழி தோண்டினால் மலமும் நிலத்தடி நீரும் ஒன்றாகிவிடும். இந்தக் காரணத்தால்தான் எங்கள் பகுதியில் 2000-களில் சூழல் நலக் கழிப்பறைகள் வந்தன. திருச்சியைச் சேர்ந்த ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் முன்னின்று செய்தது. தரைக்கு மேலே அறை. மலம் ஒரு துளையில், சிறுநீர் வேறொரு வழியில், கழுவிய நீர் தனியே. மலத்தின்மேல் ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். ஓர் அறை நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். மூடியது மாதக்கணக்கில் காய்ந்து எருவாகும். 2006-இல் முசிறியில் இம்முறையில் சமுதாயக் கழிப்பறையும் திறக்கப்பட்டது. பயன்படுத்துவோருக்கே சிறு தொகை கொடுத்ததால் நாடு முழுவதும் செய்தியானது. எல்லா வீட்டுக்கும் இது ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. சாம்பல் போடும் பழக்கம் தவறினால் நாற்றமடிக்கும், விருந்தினர் வந்தால் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் இதைச் சொல்வது, ஊரின் நிலத்தடி நீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தெரியாமல் எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் ஏரிக்கரைக்காரர். கார்த்திகை மாதத்தில் உங்கள் தெருக் கிணற்றில் எத்தனை அடியில் நீர் நிற்கிறது என்று கயிறு விட்டுப் பாருங்கள்.

சாக்கடை நீருக்கு வருகிறேன். அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. பரவலாக்கப்பட்ட முறை என்று ஒன்று உண்டு. முதலில் மணலும் கசடும் தங்க ஒரு படிவுத் தொட்டி. அடுத்து, தடுப்புச் சுவர்களின் கீழும் மேலும் நீர் வளைந்து வளைந்து செல்லும் காற்றில்லா அறைகள். அங்கே நுண்ணுயிர்கள் கழிவைத் தின்கின்றன. பிறகு சரளைக்கல் பாத்தியில் கல்வாழையோ நாணலோ நட்டு, நீரை மேலே தெரியாமல் கற்களுக்கு நடுவே ஊரவிட வேண்டும். கடைசியாக வெயில் படும் ஆழமில்லாத குளம். புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் 2003 முதல் இம்முறையில்தான் சுத்திகரிக்கப்பட்டு வளாகத்துத் தோட்டத்துக்குப் போகிறது. ஒரு மருத்துவமனைக்கு முடிவது நான்கு தெருவுக்கு முடியாதா?

இடம்தான் கேள்வி. உங்கள் வரத்துக்கால் ஏரியில் சேரும் வாயிலில் அரை ஏக்கர் கிடைக்குமா என்று பாருங்கள். ஆனால் ஒன்று: மழைநீர் அதன்மேல் பாயக் கூடாது. ஐப்பசி வெள்ளம் ஒரே இரவில் சரளைப் பாத்தியை மண்ணால் அடைத்துவிடும். வெள்ளம் ஒதுங்கிப்போக ஒரு மாற்று வாய்க்காலும் மதகும் இல்லாமல் யாராவது வரைபடம் கொண்டுவந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தென்னந்தோப்பு

எனக்கு ஏரிப் பாசனத்தில் நான்கு ஏக்கர். லாரிக்கார அண்ணன் சொன்ன "கேட்ட விவசாயி"களில் நானும் ஒருவன். உர விலை ஏறிய ஆண்டில் தென்னைக்கு இரண்டு லாரி கசடு வாங்கி, பாத்தி வெட்டி விட்டேன். மரம் கறுத்துச் செழித்தது உண்மை. ஆனால் அந்த மழைக்காலத்தில் தோப்பில் வேலை செய்த பெண்களுக்குக் காலில் சிரங்கு, எங்கள் வீட்டுச் சிறுவர்களுக்கு வயிற்றில் நாக்குப்பூச்சி. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே தோட்டத்தில் என்ன போட்டீர்கள் என்பதுதான். அதனால்தான் வந்தது என்று என்னால் நிறுவ முடியாது. அதன் பிறகு பச்சைக் கசடு வாங்கவில்லை.

விவசாயிகள் எதிர்க்கிறார்கள் என்று கூட்டங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் எதிர்ப்பது, எங்களிடம் கேட்காமல் முடிவெடுப்பதை. சுத்திகரித்த நீர் யாருக்குப் போகும்? எந்த மடை வழியே போகும்? கோடையில் எங்களுக்குத் தண்ணீரே இல்லை; நாள்தோறும் தவறாமல் வருவது இந்தச் சாக்கடை ஒன்றுதான். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் நகரத்துக் கழிவுநீரை ஆழமில்லாத குளங்களில் தேக்கி, வெயிலும் பாசியும் அதைத் தெளியவைக்க, அதில் மீன் வளர்த்து, மிச்ச நீரில் நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். 2002-இல் அது ராம்சர் தலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், அறிவிக்கப்பட்டது. அதைக் கட்டியெழுப்பியவர்கள் மீனவர்களும் விவசாயிகளும். நமக்கும் அந்த அறிவு உண்டு. தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சலாம், கீரைக்கும் வெள்ளரிக்கும் கூடாது என்று ஒரு வரைமுறையை எங்களோடு உட்கார்ந்து எழுதினால் நிலையத்துக்கு நாங்களே காவல் இருப்போம்.

பழைய அளவுகோல்

தோப்புக்காரர் சொன்ன நாக்குப்பூச்சிக்கு அறிவியல் காரணம் உண்டு. அதன் முட்டை ஓடு மிகத் தடித்தது. ஈர மண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். கசடு காய்ந்து பொடியாகிவிட்டது என்பதாலேயே அது பாதுகாப்பான எரு ஆகிவிடாது. குப்பையோடு சேர்த்துக் குவித்து, உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் பல நாள் நிற்கும்படி புரட்டிப் போட்டால்தான் முட்டைகள் சாகும். பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் 2015-இல் தொடங்கிய நிலையத்தில் இதைத்தான் செய்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி 28,000 பேர் வாழ்ந்த ஊர் அது. நிலையத்தின் அளவு நாளொன்றுக்கு 6,000 லிட்டர்தான். கசடைக் காயவைத்து, ஊரின் மட்கும் குப்பையோடு கலந்து உரமாக்குகிறார்கள். உங்கள் பேரூராட்சியில் குப்பையைத் தரம்பிரித்து உரமாக்கும் வளம் மீட்புப் பூங்கா இருக்குமே. அதன் பக்கத்திலேயே கசடு நிலையமும் அமைந்தால் உரத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

நம் மாநிலத்தில் முதலில் வந்தது செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி. அதுவும் பேரூராட்சிதான், பக்கத்து மதுராந்தகத்தின் கசடும் அங்கே வருகிறது. மூன்று ஊர் சேர்வதை உங்கள் மக்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டாம். தனித்தனியே கட்டினால் மூன்று ஊராலும் ஆள் வைத்து நடத்த முடியாது. கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளிலும் இந்த வழியில்தான் பணி நடந்தது. முடிந்தால் பேருந்து பிடித்து ஏதேனும் ஒரு நிலையத்துக்கு ஊரார் பத்துப் பேரை அழைத்துப் போங்கள், குறிப்பாகப் புறம்போக்கை ஒட்டி வாழும் அந்த எழுபது குடும்பங்களிலிருந்து.

அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். கசடைக் காயவைக்கும் மணல் படுகையான உலர் பாத்திக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு சாண் உயரத்துக்குக் கசடை விட்டு, நீர் மணலுக்குள் வடிந்து, வெயிலில் பத்துப் பதினைந்து நாள் கிடந்தால், கோடையில் ஏரி மண் வெடிப்பதுபோலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். மண்வெட்டியால் நெம்பினால் அப்பளம் போலப் பெயர்ந்து வர வேண்டும். கொழகொழவென்று ஒட்டினால், காயும் முன்பே அடுத்த லாரியை விட்டிருக்கிறார்கள் என்று பொருள். மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கசடை அள்ளும்போதெல்லாம் கொஞ்சம் மணலும் போய்விடும், அதை நிரப்பாமல் விட்டால் பாத்தி அடைத்துக்கொள்ளும். பிறகு பதிவேட்டைக் கேளுங்கள்: இன்று எத்தனை லாரி, எந்தெந்தத் தெரு, கடைசியாக நீரை ஆய்வுக்கு அனுப்பியது எப்போது. சுத்திகரித்து வெளியேறும் நீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள், மலக்கிருமி எண்ணிக்கை நூறு மில்லிலிட்டருக்கு 1,000-க்குள் என்று 2017-இல் மத்திய அரசு அறிவிக்கை செய்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அதைவிடக் கடுமையாகக் கேட்டது. ஆய்வுத் தாளைச் சுவரில் ஒட்டாத நிலையத்தை நம்பாதீர்கள்.

நான் பணியில் இருந்தபோது திறப்பு விழா கண்ட கழிவுநீர்க் கட்டுமானம் ஒன்று மூன்றாம் ஆண்டில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். கட்டடத்தில் ஒரு விரிசல் கிடையாது. நடத்துநரின் ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்கும் கோப்பு மேசையிலேயே நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கோப்பு என் மேசையிலும் பதினோரு நாள் கிடந்தது. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

வேலியோரம்

நான் வேறு மாவட்டத்தில் ஒரு கசடு கழிவு நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் பெண். அந்த எழுபது குடும்பங்களின் சார்பில் யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

நாற்றமே வராது என்று எங்களிடம் சொன்னார்கள். அது உண்மையில்லை. லாரி கசடை இறக்கும் அரை மணி நேரம் வரும். மேகமூட்டமாகப் பாத்தி காயாத நாட்களில் சாயங்காலம் வரும். மற்ற நேரங்களில் தெரியாது. உள்ளதை முதலிலேயே சொல்லியிருந்தால் எங்களுக்குக் கோபம் வந்திருக்காது. எங்களைப் பெரிதும் வாட்டியது லாரிப் போக்குவரத்துதான். ஒருவழித் தெருவில், பள்ளி விடும் நேரத்தில், மூடி சரியாக இறுகாத குழாயிலிருந்து சொட்டிக்கொண்டே போகும் வண்டி. பெண்கள் சேர்ந்து இரண்டு முறை மறித்த பிறகு ஊருக்கு வெளியே மாற்றுப் பாதை போட்டார்கள். பாதையை முதலில் போடச் சொல்லுங்கள், பிறகு நிலையம்.

எங்கள் தெருவில் நான்கு பேருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது, அதில் இருவர் பெண்கள். கையுறையும் பூட்ஸும் கொடுக்கிறார்கள், ஆனால் குளித்துவிட்டு வீட்டுக்கு வர அங்கே குளியலறை இல்லை. இதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

ஆறாயிரம் லிட்டர்

அக்கா சொன்னது சரி. சொட்டுகிற வண்டி என்றால் வால்வு வாஷர் தேய்ந்திருக்கிறது. சில நூறு ரூபாய் வேலை, மாற்றுவதில்லை.

ஆள் இறங்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அடிக்கசடு வரவில்லை என்றால் சில வீட்டுக்காரர்கள், கூடக் காசு தருகிறேன், ஒரு பையனை இறக்கி வழித்துவிடுங்கள் என்று கேட்கிறார்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. பாதாளச் சாக்கடையிலோ தொட்டியிலோ இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. சட்டம் எதற்கு? என்னோடு தொழில் கற்றவன் ஒருவன் எட்டடித் தொட்டியில் இறங்கி மயங்கினான், அவனைத் தூக்க இறங்கிய அண்ணனும் மேலே வரவில்லை. தொட்டிக்குள் நிற்கும் விஷவாயுவுக்கு முதலில்தான் அழுகிய முட்டை வாடை இருக்கும். கூடிவிட்டால் மூக்குக்கே தெரியாது. கலங்காத கசடு கிடந்தால் கிடக்கட்டும், அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம். யாராவது ஆளை இறக்கச் சொன்னால் 14420 என்ற அரசு உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

ஏரிக்கரைத்தெரு

எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நேற்றும் இன்றும் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனேன். மொத்தம் 31 வீடுகள். தொட்டியின் மூடி எங்கே என்று கையால் காட்ட முடிந்தவர்கள் ஒன்பது பேர். உறை இறக்கியவை பதினான்கு. உறிஞ்சு குழி உள்ள வீடு ஒன்றே ஒன்று, அதுவும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக் கட்டியது. மற்றவர்களின் வழிநீர் வரத்துக்காலில்தான் விழுகிறது. காவிரிக்கரை நண்பர் சொன்னபடி கிணற்றில் கயிறு விட்டேன். ஏரி முழுமையாக நிரம்பாத இந்த நிலையிலேயே ஒன்பது அடியில் நீர் நிற்கிறது. ஆகவே எங்கள் தெருவுக்கு உறிஞ்சு குழி போதாது. வரத்துக்கால் வாயிலில் சரளைப் பாத்திக்கு இடம் கேட்கப் போகிறேன், வெள்ளம் ஒதுங்கும் மதகோடு.

கூட்டத்தில் பாதாளச் சாக்கடை கேட்கும் நண்பர்களிடம் 70 லிட்டர் கணக்கைச் சொன்னேன். இருவர் ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் இன்னும் ஒப்பவில்லை. புறம்போக்கை ஒட்டிய குடும்பங்களிலிருந்து ஆறு பேர் கருங்குழிக்கு வர இசைந்திருக்கிறார்கள். லாரிகளுக்குத் தனிப் பாதையும், வேலை செய்வோருக்குக் குளியலறையும், நடத்துநருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமும் திட்ட மதிப்பீட்டிலேயே இருந்தால்தான் இசைவு என்று அவர்கள் சொல்வதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். பாசனக்காரர்களை அடுத்த வாரம் ஏரிக்கரை ஆலமரத்தடியில் கூட்டுகிறோம்.

காட்ட முடியாத இருபத்திரண்டு பேரில் நானும் ஒருவன். அப்பாவிடம் கேட்டேன், சமையலறையை நீட்டியபோது அதன் அடியில் போய்விட்டது என்றார். பத்தொன்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை. அடுப்புமேடைக்கு இந்தப் பக்கம் நான்கு டைல்ஸை உடைக்க வேண்டும் என்று கொத்தனார் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். லாரி அண்ணா, உங்கள் வண்டி எங்கள் பக்கம் வருமா?

ஆறாயிரம் லிட்டர்

வருகிறேன் தம்பி. உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். தெருவிலிருந்து சமையலறைக்கு எத்தனை அடி என்று அளந்து வையுங்கள், என்னிடம் நூறடிக் குழாய் உண்டு. டைல்ஸை உடைக்கலாம், ஆனால் நான் வரும்வரை தொட்டியின் மூடியை யாரும் நெம்ப வேண்டாம். பத்தொன்பது ஆண்டு வாயு உள்ளே நிற்கிறது. அன்று காலை அடுப்புப் பற்றவைக்காதீர்கள், சிலிண்டரை வெளியே எடுத்து வையுங்கள், சன்னலையெல்லாம் திறந்து வையுங்கள், அப்பாவையும் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.